தகவலாளி எண் ஒன்று

மார்ச் 2, திங்கள்

ஆத்தா சங்கவி, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? ஹாஸ்டலில் இன்னமும் அந்தப் புளித்த தோசைதானா? இந்த நோட்டை உன் ஆய்வேட்டுக்கு வழிகாட்டுகிற மேடமும் படிப்பார்கள் என்று சொன்னாய். மேடம், வணக்கம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? அங்கே வெயில் எப்படி? இங்கே மாசி முடிவதற்குள் நாய்கள் எல்லாம் நிழல் தேட ஆரம்பித்துவிட்டன.

எழுதினால் எழுத்துத் தமிழில் எழுத வேண்டும் என்று அறிவொளி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான் படித்த படிப்பு அந்த ஏழு மாதம்தான். அதனால் நான் சொல்வதை இப்படி எழுதுகிறேன். அடுத்தவர்கள் பேசியதை அவர்கள் பேசிய மாதிரியே எழுதுகிறேன்.

ஊர் பேர் தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்கப்பா என்றாய். சரி. என் பெயர் சோணைமுத்து. கொன்னக்குளம் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர், பன்னிரண்டு வருடமாக. காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவேன். ஏழு மணிக்குக் கேட்வாலைத் திறப்பேன். கேட்வால் என்றால் தெருவுக்குப் போகிற தண்ணீரைத் திறந்து மூடும் திருகு. மேலத்தெருவுக்கு ஒன்று, நடுத்தெருவுக்கு ஒன்று, நம் காலனிக்கு ஒன்று. ஒரு தொட்டித் தண்ணீர் எண்பத்தைந்து நிமிடம் வரும். இன்று மேலத்தெரு 45 நிமிடம். நடுத்தெரு 30. காலனி 10. காலனி பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் வேகமாக வந்துவிடும், பத்து நிமிடம் போதும். மேடம் இதைக் குறித்துக்கொள்ளவும்.

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு பல்லி குடியிருக்கிறது. போன ஐப்பசியில் இதன் தாயோ பெரியம்மாவோ கரண்டில் ஒட்டிக்கொண்டு செத்ததில் இரண்டு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். பல்லியை ஒருத்தரும் திட்டவில்லை. எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், எனக்கு இன்று கோபம். உன் மேடம் மேல்தான். உங்க அப்பா வாயால் சொன்ன நிமிடக் கணக்கெல்லாம் செல்லாது, 27ஆம் தேதி வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் ஆதாரம் கேட்பார், எழுத்தில் வேண்டும் என்று சொன்னார்களாமே. பன்னிரண்டு வருடமாகத் திருகுகிறவன் வாயால் சொன்னால் பொய், அதையே கோணல் எழுத்தில் எழுதினால் உண்மையா? இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன்.

டீக்கடையில் எல்லாரும் கேட்கிறார்கள், உன் மகள் என்ன படிக்கிறாள் என்று. அரசியலும் சமூகவியலும் சேர்த்துப் படிக்கிறாள் என்பேன். அப்படீன்னா என்ன என்பார்கள். நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று படிப்பது அரசியல். தரையில் யார் உட்காருகிறார்கள் என்று படிப்பது சமூகவியல். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். தனித்தனியாகப் படித்தால் ஒருத்தருக்கும் தொந்தரவில்லை. நீதான் சேர்த்துப் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

மார்ச் 3, செவ்வாய்

மோட்டார் 5.30 முதல் 6.50. மேல 45, நடு 30, காலனி 10. வேறொன்றும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

மோட்டார் 5.30. 45, 30, 10.

உன் ஆய்வேடு பஞ்சாயத்து ஆபீசுக்குத் தபாலில் வந்தது. ஏன் அனுப்பினாய்? யார் அனுப்பச் சொன்னது? ஊரில் கேட்டு எழுதியதை ஊருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் படிப்பில் ஒரு சட்டம் இருக்கிறதாமே. அந்தச் சட்டம் போட்டவர் எந்த ஊர்க்காரர்? அவர் ஊரில் எத்தனை தெரு?

கிளார்க் முனீஸ்வரன் அதை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கு வந்துவிட்டார். நான் அப்போதுதான் டம்ளரைக் கையில் வாங்கினேன்.

"யோவ் சோணை, நீ எப்பய்யா டைரக்டரு ஆன? இங்க பாரு, 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர்'னு போட்டுருக்கு. அடுத்த படத்துல எனக்கொரு சான்சு குடுய்யா."

நானும் சிரித்தேன். பெயரெல்லாம் மறைத்திருக்கிறாயாம். ஊருக்குப் பெயர் 'க' கிராமம். எனக்குப் பெயர் 'ச'. இந்த ஊரில் ஒரே தொட்டி, ஒரே ஆபரேட்டர், அவனுக்குப் பெயரை மறைத்துவிட்டாளாம் கெட்டிக்காரி.

அதற்கு அடுத்த வரியைப் படித்தார். "முதன்மைத் தகவலாளி: ச."

பெஞ்சில் இருந்த மேலத்தெரு ஆள் ஒருத்தர் சொன்னார்: "அட, பழைய வேலையைத்தான எழுதிருக்கு புள்ள. இருவது வருசமா தகவல் சொல்ல ஆளில்லாமக் கெடந்துச்சு ஊரு. படிச்சுக் கண்டுபிடிச்சுருச்சு பாரு, யாருக்கு அந்த வேலைன்னு."

கடையே சிரித்தது. டீ ஆறிப்போய்விட்டது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதன்மை வேறு. சும்மா தகவலாளி என்று எழுதியிருந்தால் பத்தாதா உனக்கு?

மார்ச் 7, சனி

நான்கு தடவை போன் அடித்தாய். எடுக்கவில்லை. 45, 30, 10.

மார்ச் 9, திங்கள்

மோட்டார் 5.30க்குப் போட்டேன், ஆறு மணிக்குக் கரண்ட் போய் ஆறரைக்கு வந்தது. தொட்டி நிரம்பவில்லை. மேல 45, நடு 25, காலனி 5.

மேடத்துக்குத் தெரியாது, நீயும் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே தகவல் என்றால் சாவு. மேலத்தெருவில் யாராவது செத்தால் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது எங்கள் அப்பா. அப்புறம் நான். பதினாறு வயதிலிருந்து சைக்கிளை மிதித்தேன். ஒவ்வொரு ஊரிலும் தெரு முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கூவ வேண்டும், இன்னார் தவறிப்போனார், இத்தனை மணிக்கு எடுப்பு என்று. வாசலுக்கு வெளியே இலையில் சோறு போடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'ஏ தகவலு' என்பார்கள். ஒரு தடவை சிறுவயலில் செத்தவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்த மனுசனுக்கு மாலையோடு இருபது பேர் வந்து நின்றார்கள். அவர் அதற்கப்புறம் பதினோரு வருடம் இருந்தார். அது பெரிய கதை, அதை நேரில் சொல்கிறேன்.

நீ பிறந்த அன்றைக்கும் ஒன்பது ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உன் அம்மா ராக்கம்மா உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். மறுநாள் போய், இனிமே வேற ஆளைப் பாத்துக்கங்க என்று சொன்னேன். ஏன் என்றார்கள். என் மகளை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் தகவலோட மகள் என்று கூப்பிடக் கூடாது, அதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலி என்றேன்.

இருபத்திரண்டு வருடம் அந்த வார்த்தை என் மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். நீ அச்சடித்து, அட்டை போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

ராக்கம்மா கேட்டாள், "புள்ளைகிட்ட கேக்காமயே கோவப்பட்டுக்கிட்டுக் கெடந்தா எப்புடி?" என்று. இவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 11, புதன்

45, 30, 10.

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் கலாவதி அம்மா நாற்காலியில் இல்லை, அவர் வீட்டுக்காரர் ரெத்தினவேல் இருந்தார். மேடம், எங்கள் ஊரில் யார் தலைவர் என்று யாரைக் கேட்டாலும் ரெத்தினவேல் என்றுதான் சொல்வார்கள். கலாவதி அம்மாவைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். அவருக்கு என்னைவிட வயது பதினைந்து குறைவு. என்னை டா போட்டுத்தான் பேசுவார், நான் நீங்க போட்டுத்தான் பேசுவேன். இதைப் புதிதாகச் சொல்வதற்கு இல்லை.

அவருக்குத் தகவலாளி என்றால் வேறு அர்த்தம். "போலீசுக்கு ஆள் காட்டுறவனத்தான்டா தகவலாளிம்பாங்க. பஞ்சாயத்து உப்பத் தின்னுட்டு எவனுக்குடா தகவல் குடுக்குற? கலெக்டருக்கா? பத்திரிகைக்காரனுக்கா?"

"என் மகளுக்குத்தாங்க சொன்னேன்."

"ஒம்மக எழுதுனா அது கலெக்டரு கைக்குப் போகாதாடா?"

பிறகு கிளார்க் நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்தார். அதில் கட்டம் போட்டிருக்கிறாய். ஒரு பக்கம் தெரு, வீடு, ஓட்டு. இன்னொரு பக்கம் நிமிடம். மேலத்தெரு 42 வீடு, 45 நிமிடம். நடுத்தெரு 30 வீடு, 30 நிமிடம். காலனி 67 வீடு, 10 நிமிடம். ரெத்தினவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"இத நாங்க சொன்னோமாடா? எங்கயாச்சும் எழுத்துல இருக்கா? திருகுனது யாரு கை?"

என் கையைப் பார்த்தேன். சாவியை என் கையில் கொடுத்த அன்றைக்கு அவருடைய அப்பாதான் தலைவர். அவர் சொன்னது மூன்று எண். "நாப்பத்தஞ்சு, முப்பது, பத்து. மறந்துறாத." எழுத்தில் இல்லை. வாயால் சொன்னது செல்லாது என்று உன் மேடம் சொன்னது இங்கேயும் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது அவர்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, காலனிக்குத் தண்ணீர் குறைந்தது என் சொந்த அலட்சியத்தால்தான், என் மகள் எழுதியது பொய் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதை உன் யுனிவர்சிட்டிக்கு அனுப்புவார்கள். இரண்டு, இந்த நோட்டு. மோட்டார் ரூமில் உட்கார்ந்து நான் எழுதுவதை யாரோ பார்த்திருக்கிறார்கள். 25ஆம் தேதிக்குள் இரண்டும் வரவேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் ரூம் சாவி வரவேண்டும்.

ஆய்வேட்டை என் மேல் தூக்கிப் போட்டார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எண்பத்தாறு பக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். எனக்கு அதில் ஒரு விசயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோட்டை இனி அரிசிப் பானைக்குள் வைக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

45, 30, 10. காலனி கேட்வால் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் திருகினேன்.

மார்ச் 14, சனி

போனை எடுத்தேன். நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. நீயும் கத்தினாய். கத்துவதில் நீ என் மகள்தான்.

மேடத்துக்காக எழுதுகிறேன். நான் கேட்டேன், "தகவலாளின்னு எழுதுறதுக்கா ஆத்தா ஒன்ன அஞ்சு வருசம் படிக்க வச்சேன்?" என்று.

"அப்பா, அது சாவுத் தகவல் இல்லப்பா! ஒரு ஊரப் பத்தி வெளியாளுக்கு வெவரம் சொல்றவங்களுக்கு எங்க படிப்புல அதான் பேரு."

"அப்ப மேலத்தெருவுலயும் போயிக் கேட்டியே, காப்பியெல்லாம் வாசல்ல வச்சுக் குடுத்தாகளே, அவுகளுக்கு என்ன பேரு போட்ட?"

"அவங்களும் தகவலாளிதாம்ப்பா. பதினெட்டுப் பேரு. எல்லாருக்கும் நம்பர் இருக்கு."

"ரெத்தினவேலுமா?"

"அவரு நாலாம் நம்பரு."

"நான்?" என்றேன்.

"நீங்க ஒண்ணு. அதான் முதன்மை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் இருமல்தான் வரும். நீ, அப்பா அழுறீங்களா என்று கேட்டாய். நான் எங்கே அழுதேன்?

அப்புறம் நீ சொன்னாய், "அந்த நோட்டு இல்லேன்னா நாலாவது அத்தியாயத்தையே எடுத்துருன்றாங்கப்பா. அத எடுத்துட்டா ஆய்வேடே இல்ல. இன்னொரு வருசம் ஒக்காரணும். ஸ்காலர்ஷிப்பும் இந்த வருசத்தோட முடியுது." நோட்டு பத்திரமாக இருக்கிறது என்றேன். கையெழுத்து விசயத்தை நான் சொல்லவில்லை. உன் அம்மாவையும் சொல்லவிடவில்லை. ஊரில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

45, 30, 10.

மார்ச் 17, செவ்வாய்

45, 30, 10.

டீக்கடையில் நான் போனதும் பால் தீர்ந்துவிடுகிறது. நேற்றும் தீர்ந்தது. இன்றும் தீர்ந்தது. எனக்குப் பின்னால் வந்தவருக்குப் பால் வந்துவிட்டது. அந்த மாட்டை ஒரு நாள் பார்க்க வேண்டும், எவ்வளவு வெவரமான மாடு.

ஆய்வேட்டில் ஐம்பத்திரண்டாம் பக்கம் வரை வந்திருக்கிறேன். நான் தேடுவது இன்னும் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மேல 45, நடு 30, காலனி 10.

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும். எட்டேகாலுக்குக் காலனி கேட்வாலைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ரெத்தினவேல் பைக்கில் வந்து காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னடா தகவலு, யோசிச்சியா?"

பைக்கை அணைக்கவில்லை. பதில் சொல்லிவிட்டு நான் போய்விட வேண்டும், அவர் இறங்கக்கூட மாட்டார். எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது.

"ஒரு வெவரங்க. நானும் தகவலுதான், நீங்களும் தகவலுதான். புள்ள பொஸ்தகத்துல பதினெட்டுப் பேரு தகவலாளி. நான் ஒண்ணாம் நம்பரு. நீங்க நாலாம் நம்பரு."

"என்னது?"

"நாலாம் நம்பருங்க. நடுத்தெரு பூசாரி மூணு. ஒங்களுக்கு முந்தி அவரு."

பூசாரிக்கும் அவருக்கும் கோயில் மரியாதையில் யார் முந்தி என்று ஆறு வருடமாக வழக்கு. பைக்கை அணைத்துவிட்டார். பிறகு முறைத்தார், பிறகு மறுபடி பைக்கை எடுத்தார், எடுக்கும்போது, "இருவத்தஞ்சாந்தேதி ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

மெனக்கெட்டு வீட்டுக்கு வந்து ராக்கம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மேடம், அந்தக் கிணறு ஒன்றரை மைல். பத்து நிமிடத்தில் இரண்டு குடம்தான் பிடிக்க முடியும், குழாய்க்கு ஆறு வீடு.

"நாலாம் நம்பரு, ஒண்ணாம் நம்பரெல்லாம் இருக்கட்டும்," என்றாள். "காலனி எத்தனாம் நம்பரு? என்னைக்கும் கடேசிதான? தொறக்குறது நீங்கதான?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் கேட்டது இன்றுதான்.

கேட்பதற்கு எனக்குக் கோபமாகத்தான் வந்தது. காலனி பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் வேகமாக வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் பக்கத்தில் மேடத்துக்கும் அதையே எழுதியிருக்கிறேன். மேடம், அதை அடித்துவிடவும். நானே அடித்தால் ஆதாரம் செல்லாமல் போய்விடும் என்று விட்டுவைக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

45, 30, 10.

எண்பத்தாறாம் பக்கம் முடிந்தது. நான் தேடியது இல்லை.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம். நீ ஐந்தாம் வகுப்பு. எட்டேகாலுக்குத்தான் காலனிக்குத் தண்ணீர் வரும், பிடித்து, பத்தாததைக் கிணற்றிலும் எடுத்து வைத்துவிட்டு நீ பள்ளிக்கூடம் போக ஒன்பதரை ஆகும். தினமும் வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் யூனிபாரம் பூராவும் ஈரமாக மோட்டார் ரூமுக்கு வந்து நின்றாய். "அப்பா, நீங்கதான தொறக்குறீங்க? இன்னுங் கொஞ்ச நேரம் தொறந்து வைங்களேன்" என்றாய். அங்கே மேலத்தெரு ஆள்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் கேட்டுவிட்டார்களே என்று உன்னை அறைந்தேன். ஓங்கித்தான் அறைந்தேன். நீ அழவில்லை. மறக்காமல் இருக்க நான் சுவரில் கரியால் எழுதியிருந்த மூன்று எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

எண்பத்தாறு பக்கத்தில் குழாயின் அகலம் இருக்கிறது, வாளியின் கொள்ளளவு இருக்கிறது, நான் அறைந்த அறை இல்லை. கடைசிப் பக்கத்தில் பரிந்துரை என்று போட்டிருக்கிறாய். அதே எண்பத்தைந்து நிமிடம், வீட்டுக் கணக்குப்படி பிரித்தால்: மேலத்தெரு 26, நடுத்தெரு 18, காலனி 41. மூன்று எண்தான்.

நான் இத்தனை நாள் உன் மேல் கோபம் என்றும் மேடம் மேல் கோபம் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று அவ்வளவுதான், கண் வலிக்கிறது.

மார்ச் 23, திங்கள்

45, 30, 10. எழுதும்போது பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது.

மார்ச் 25, புதன்

45, 30, 10.

ஆபீசுக்குப் போனேன். தாளை டைப் அடித்து வைத்திருந்தார்கள். "போடுறா" என்று பேனாவை நீட்டினார் ரெத்தினவேல். கிளார்க் மைப்பெட்டியையும் திறந்து வைத்திருந்தார், நான் கைநாட்டு என்று நினைத்து.

"படிச்சுட்டுப் போடுறேங்க" என்றேன்.

படித்தேன். எனக்கு ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆகும், உனக்குத் தெரியும். விரலை வைத்து எழுத்துக்கூட்டி, வாய்விட்டுப் படித்தேன். மின்விசிறி ஒரு பக்கம் கடகடவென்று சுற்றுகிறது. ரெத்தினவேல் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தார். நான் பாதியில் நிறுத்தி, "அய்யா, இதுல 'அலச்சியம்'னு போட்டுருக்கீக. அலட்சியத்துக்கு 'ட்' வரும்" என்றேன். கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமா என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

"இவன் என்னய்யா வாத்தியாரு வேல பாக்குறான்! போடுறா கையெழுத்த."

"போடுறேங்க. திருகுனது என் கைதான், அது நெசம். அத மறைக்க மாட்டேன். அதோட இன்னொரு வரி சேத்துருங்க. யாரு சொல்லித் திருகுனேன்னு. ஒங்க அப்பா பேரு, தேதி, மூணு நம்பரு. ரெண்டும் இருந்தா இப்பவே போடுறேன்."

ரெத்தினவேல் மேஜையைத் தட்டினார். மைப்பெட்டி கவிழ்ந்து தாளெல்லாம் ஊதா. அந்தச் சமயம் பார்த்துத் தலைவர் கலாவதி அம்மா உள்ளே வந்தது, ஏதோ வேறு தாளில் கையெழுத்துப் போட. "என்ன பேப்பரு இது?" என்று கேட்டது. "ஒனக்கெதுக்கு" என்றார் வீட்டுக்காரர். அது நின்ற மேனிக்குத் தன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படிக்காமல், போய்விட்டது. அது பத்தாம் வகுப்பு வரை படித்தது, மேடம். வாசிக்கத் தெரியும்.

"நாளைக்குக் காலைல தண்ணி விட்டுட்டு, சாவியக் கொண்டாந்து குடுத்துரு" என்றார் ரெத்தினவேல். "வேற ஆளு வருவான். நோட்டும் வரணும். வரலைன்னா வீட்டுக்கு வருவோம்."

ராக்கம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாளைக்கு ஒரு நாளு சாவி ஒங்ககிட்டதான?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பரணில் இருந்து அண்டாவை இறக்கிக் கழுவ ஆரம்பித்தாள். உன் சடங்குக்குப் பிறகு இறக்காத அண்டா.

மார்ச் 26, வியாழன்

மோட்டார் 5.30 முதல் 6.50. தொட்டி நிறைந்து வழிந்தது.

சரியாக ஏழு மணிக்குக் கேட்வாலைத் திறந்தேன். காலனிக்கு. முதலில் காலனிக்கு.

கதவைத் திறந்துபோட்டு மோட்டார் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சமாகத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். பல்லி ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வெளியே வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, உள்ளே போ என்றால் போகவில்லை.

7.10. இந்நேரம் மூடியிருப்பேன். கை தானாகத் திருகுக்குப் போகிறது. பன்னிரண்டு வருடப் பழக்கம், இன்று வேறு நாள் என்று கைக்கு எப்படித் தெரியும்? கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கொஞ்சம் எழுதிப் பார்த்தேன், கோழி கிளறியது போல இருக்கிறது, அதுதான் மேலே உள்ள கோடு. மேடம் மன்னிக்கவும்.

7.20. காலனியில் சத்தம். சண்டை இல்லை. சண்டைச் சத்தம் எனக்குத் தெரியும், தினமும் கேட்பது. இது என்ன சத்தம் என்று தெரியவில்லை.

இந்த நோட்டைப் பஸ்ஸில் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். கொடுக்கப்போவதில்லை. ஒன்பது பத்துப் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். நாளைக்கு வைவாவில் ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டால் நோட்டையும் காட்டு, என்னையும் காட்டு. திருகின கை இதுதான் என்று நான் சொல்கிறேன். யார் சொல்லித் திருகியது என்பதையும் சொல்கிறேன். அப்புறம் உன்னை அறைந்ததையும் சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன், நீ கேட்டால். இருபத்திரண்டு வருடம் கழித்து மறுபடியும் தகவல் சொல்லக் கிளம்புகிறேன் ஆத்தா. இந்தத் தடவை செருப்பைக் கழற்றமாட்டேன்.

7.31. பைக் சத்தம். மேலத்தெருவில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறார். வரட்டும். அவர்களுக்கு 26 உண்டு, நடுத்தெருவுக்கு 18 உண்டு, யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. உன் கடைசிப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், அந்தக் கரி எழுத்து இருந்த இடத்தில். நோட்டை மூடவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

கதவைத் தட்டுகிறார். "டேய் சோணை! எந்த வாலுடா தொறந்துருக்கு? வெளிய வாடா!" என்கிறார். திறந்துதான் இருக்கிறது கதவு, உள்ளே வர வேண்டியதுதானே. வரமாட்டேன் என்கிறார். நோட்டையே பார்க்கிறார். உள்ளே வந்து சொல்வதும் இதில் ஏறிவிடும் என்று பயம் போல.

7.38. பின்னால் ராக்கம்மா குரல். காலனி முனையிலிருந்து கத்துகிறாள், இவ்வளவு சத்தமாக அவள் கத்தி நான் கேட்டதே இல்லை: "இந்தாங்க! கொடம் அம்புட்டும் ரொம்பிருச்சு, அண்டாவும் ரொம்பிருச்சு, இன்னும் ஊத்திக்கிட்டே இருக்கு! ஏனம் இல்ல! இங்கிட்டு வந்து பாருங்களேன்!" ரெத்தினவேலும் கூப்பிடுகிறார், அவளும் கூப்பிடுகிறாள். நான் அவளுக்குத்தான் எழுந்திருக்கிறேன். மூடுவதற்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் நீ இந்த